களஞ்சியத்துக்கு மணி கட்டிய கதை

பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, மின்னூலாக வெளியிடும் சிறு குழு ஒன்றில் நானும் ஒருவன். மொத்தம் பதினோரு பேர். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. நூல்களின் உரை முழுவதும், கோப்புகளில் நடக்கும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தில் இருக்கிறது, அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக. யாராவது திருத்தினால் அதை என் கணினிக்கு இறக்கி, பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் நிரலை ஓட்டி, ஈபப் (மின்னூல் வடிவம்), பிடிஎஃப் இரண்டையும் உருவாக்கி, எங்கள் சர்வரில் ஏற்றிவிட்டு, டெலிகிராம் குழுவில் "புதுப் பதிப்பு ஏற்றியாயிற்று" என்று ஒரு வரி எழுதுவது என் பொறுப்பு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிட வேலை. சில நாள் மறந்துபோகும். சில நாள் மின்சாரம் போய்விடும்.

கும்பகோணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் எங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறார். குழுவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கிட்ஹப்பின் அடியில் ஓடும் கிட் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. பக்கத்தில் பென்சில் படத்தை அழுத்தினால் திருத்தலாம், பச்சைப் பொத்தானை அழுத்தினால் சேமிக்கலாம், அவ்வளவு போதும் அவருக்கு. ஒருமுறை டைஃபாய்டு வந்து ஒன்பது நாள் படுத்துவிட்டேன். பத்தாம் நாள் அவரிடமிருந்து போன்.

"தம்பி, உடம்பு தேவலையா? நான் திருத்தியது ஒன்றுகூட பிடிஎஃப்பில் வரவில்லை. நான்தான் எதையாவது தப்பாக அழுத்திவிட்டேனா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காய்ச்சல் விட்ட அந்த வாரமே வெப்ஹூக் எழுத உட்கார்ந்தேன்.

வெப்ஹூக்கில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. களஞ்சியத்தில் ஏதாவது நடந்தால், யாராவது புஷ் செய்தாலோ (திருத்தத்தை ஏற்றினாலோ), இஷ்யூ (விவாதக் குறிப்பு) திறந்தாலோ, அதில் லேபிள் ஒட்டினாலோ, நாம் கொடுத்து வைத்திருக்கும் முகவரிக்கு கிட்ஹப் ஒரு எச்டிடிபி போஸ்ட், அதாவது இணையவழிச் செய்தி, அனுப்புகிறது. தலைப்பு வரிகளில் நிகழ்வின் பெயரும் அந்த அனுப்புதலுக்கான அடையாள எண்ணும் இருக்கும். உடலில் ஜேசன் என்ற உரை வடிவத்தில் விவரங்கள் இருக்கும். அதை வாங்கிக்கொள்ள நம் சர்வரில் ஒரு சிறு நிரல் காத்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் நான் எழுதினேன். முதல் வடிவம் நாற்பது வரிகூட இராது.

இதைப் படிக்கும் பலருக்கு "கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இருக்கும்போது இது எதற்கு?" என்று தோன்றும். நியாயமான கேள்வி. இத்தகைய தானியங்கி வேலைகளை கிட்ஹப்பே தன் கணினிகளில் ஓட்டித் தரும் வசதி அது. களஞ்சியத்துக்குள்ளேயே முடியும் வேலையென்றால் ஆக்‌ஷன்ஸ்தான் சரி. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். எங்களுக்கோ கோப்புகள் கடைசியில் எங்கள் சர்வரில் போய் உட்கார வேண்டும். ஆக்‌ஷன்ஸ் வழியாகச் செய்தால் எங்கள் சர்வரின் சாவியை வெளியே ஓரிடத்தில் கொடுத்து வைக்க வேண்டியிருக்கும். வெப்ஹூக்கில் சாவி வீட்டை விட்டுப் போவதில்லை. வெளியிலிருந்து வருவது சத்தம் மட்டும். அதைக் கேட்டுவிட்டு சர்வர் தானே போய்க் களஞ்சியத்திலிருந்து எடுத்து வருகிறது.

முதல் நாள் அசட்டுத்தனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்ஹூக் சேர்க்கும் பக்கத்தில் உள்ளடக்க வகை என்றொரு தேர்வு உண்டு. நான் எதையும் மாற்றாமல் விட்டதால் ஜேசனுக்குப் பதிலாகப் படிவ வடிவத்தில் தகவல் வந்தது. என் நிரல் விழித்தது. அதைச் சரிசெய்ததும் அடுத்தது வந்தது. வெப்ஹூக்கைச் சேர்த்த உடனே கிட்ஹப் 'பிங்' என்று ஒரு நிகழ்வை அனுப்பிப் பார்க்கும். அதில் கமிட் (சேமித்த திருத்தம்) எதுவும் இருக்காது. என் நிரல் கமிட் பட்டியலைத் தேடி, கிடைக்காமல் விழுந்து இறந்தது. பிறகு ஒருவர் பழைய கிளையொன்றை (களஞ்சியத்தின் இணை வடிவம் ஒன்றை) நீக்கினார். கிளையை நீக்குவதும் புஷ் நிகழ்வுதான். 'பிந்தைய கமிட்' இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது சுழியங்கள் வரும். அந்த நாற்பது சுழியத்தை என் நிரல் பயபக்தியுடன் செக்அவுட் செய்ய, அதாவது எடுத்து விரிக்க, பார்த்தது. நிகழ்வின் பெயரைப் பார்த்து, கிளையின் பெயரைப் பார்த்து, நமக்கு வேண்டாததை உடனே தள்ளிவிட வேண்டும் என்பது அன்றே புரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யோசிக்க வைத்தது. பிடிஎஃப் சரியாக உருவாகிறது, சர்வரில் ஏறுகிறது. ஆனால் கிட்ஹப்பின் அனுப்புதல் பட்டியலில் எல்லாம் சிவப்பு. காரணம் இதுதான்: கிட்ஹப் பதிலுக்காகப் பத்து விநாடி மட்டுமே காத்திருக்கும். நானோ கோரிக்கை வந்ததும் நூலை முழுவதும் கட்டி முடித்துவிட்டு, மூன்று நிமிடம் கழித்து "ஆயிற்று" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்காரரிடம் சாமான் சீட்டைக் கொடுத்தால், "சரி, கட்டி வைக்கிறேன்" என்று அவர் உடனே சொல்ல வேண்டும். அரிசியை அளந்து முடிக்கும் வரை வாய் திறக்காமல் இருந்தால் வந்தவர் போய்விடுவார். வந்த செய்தியின் கையொப்பத்தை (அதன் கதை பின்னால் வருகிறது) சரிபார்த்துவிட்டு 202, அதாவது 'ஏற்றுக்கொண்டேன்', என்று பதில் சொல்வது, வேலையைப் பின்னால் செய்வது என்று பிரித்தேன். பட்டியல் பச்சையானது.

பச்சையான மகிழ்ச்சி மூன்று நாள் நீடித்தது. ஒரு சனிக்கிழமை மாலை டீச்சர் உற்சாகமாக உட்கார்ந்து ஒரு நூலில் முப்பத்தேழு இடங்களைத் திருத்தினார். பென்சில், ஓர் ஒற்று, பச்சைப் பொத்தான். மறுபடி பென்சில். ஒவ்வொரு பச்சைப் பொத்தானும் ஒரு கமிட், ஒவ்வொரு கமிட்டும் ஒரு புஷ், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் அறுநூறு பக்க நூலை லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் வழியாகக் கட்டும் ஒரு வேலை. எங்கள் சர்வரின் நினைவகம் ஒரு ஜிபி. ஏழெட்டு வேலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடத் தொடங்கியதும் லினக்ஸ் தன் வழக்கப்படி ஒவ்வொன்றாகக் கொல்ல ஆரம்பித்தது. போகிற போக்கில் இணையதளத்தையும் சாய்த்துவிட்டது.

வரிசை அமைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். முப்பத்தேழு தரம் மூன்று நிமிடம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அதுவும் எதற்கு? கடைசிக் கமிட்டில் முன்னால் நடந்த முப்பத்தாறு திருத்தங்களும் அடங்கியிருக்கின்றனவே. இடையில் உள்ள முப்பத்தாறு பிடிஎஃப்களை யார் படிக்கப் போகிறார்கள்?

அப்போதுதான் இந்த விஷயத்தை நான் தலைகீழாகப் பிடித்திருந்தது உறைத்தது. வெப்ஹூக்கில் வரும் ஒவ்வொரு நிகழ்வையும் ஓர் உத்தரவாக நினைத்திருந்தேன்: இந்தக் கமிட் வந்திருக்கிறது, இதைக் கட்டு. அது உத்தரவே இல்லை. நான் சென்னையில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் முனையில் ஹாரன் அடிக்கும். ஹாரன் சத்தத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு வந்திருக்கிறது, யாருக்கு எத்தனை குடம் என்றெல்லாம் தெரியாது. குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு தரம் ஹாரன் அடித்தான் என்பதற்காக யாரும் இரண்டு முறை வரிசையில் நிற்பதில்லை.

ஆகவே நிரலை மாற்றினேன். புஷ் வந்தால் நிரல் ஒரே காரியம் செய்கிறது: 'மாற்றம் உண்டு' என்று ஒரு வெற்றுக் கோப்பைத் தொட்டு வைக்கிறது. ஏற்கெனவே இருந்தாலும் கவலை இல்லை. தனியாக ஓடும் இன்னொரு நிரல் அந்தக் கோப்பைப் பார்க்கிறது. இருந்தால், ஒரு நிமிடம் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோப்பை முதலில் அழித்துவிட்டு, களஞ்சியத்தின் அப்போதைய நிலையை எடுத்து நூலைக் கட்டுகிறது. அழிப்பது முதலில், கட்டுவது பிறகு. இந்த வரிசை முக்கியம். கட்டிக்கொண்டிருக்கும்போது புதுப் புஷ் வந்தால் கோப்பு மறுபடி முளைக்கும், அடுத்த சுற்றில் அதுவும் சேர்ந்துகொள்ளும். வேலை முடிந்த பிறகு அழித்தால் நடுவில் வந்த செய்தியையும் சேர்த்துத் துடைத்துவிடுவோம். நான் முதலில் அப்படித்தான் எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டீச்சரின் முப்பத்தேழு திருத்தங்களுக்கு இப்போது மூன்று அல்லது நான்கு கட்டுமானங்கள்தான் நடக்கின்றன.

தண்ணீர் லாரிக்கு இன்னொரு குணம் உண்டு. நாம் வீட்டில் இல்லாவிட்டால் அது திரும்பி வராது. கிட்ஹப்பும் அப்படியே. அனுப்பிய செய்தி நம் சர்வரை எட்டாவிட்டால் தானாக மறுபடி அனுப்பாது. எத்தனையோ சேவைகள் இரண்டு மூன்று முறை முயன்று பார்ப்பதால் இதுவும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாடகை சர்வரைப் பராமரிப்புக்காக நள்ளிரவில் நாற்பது நிமிடம் நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் கனடாவிலிருக்கும் எங்கள் குழு நண்பர் ஒருவர் இரண்டு அத்தியாயங்களை ஏற்றியிருக்கிறார். அவருக்கு அது பகல். அவை வெளியாகவே இல்லை. அடுத்த புஷ் வர நான்கு நாள் ஆயிற்று. அனுப்புதல் பட்டியலில் 'மறுபடி அனுப்பு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதுவும் கடந்த மூன்று நாள் அனுப்புதல்களுக்கு மட்டும். நான் போய்ப் பார்த்தபோது பட்டியலிலிருந்தே அந்தச் செய்தி போயிருந்தது.

இதற்கு மருந்து மிகச் சாதாரணமானது. குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரான் வழியாக, தினமும் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு வரி ஓடுகிறது. 'கிட் எல்எஸ்-ரிமோட்' கட்டளை களஞ்சியத்தின் முதன்மைக் கிளை எந்தக் கமிட்டில் நிற்கிறது என்று கேட்கிறது. கடைசியாக நாங்கள் கட்டிய கமிட்டின் எண்ணோடு ஒப்பிடுகிறது. வேறாக இருந்தால் அதே வெற்றுக் கோப்பைத் தொட்டு வைக்கிறது. பெரும்பாலான நாள்களில் இதற்கு வேலையே இருக்காது. வெப்ஹூக் எழுதுகிறவர்கள் பலர் இதைச் சேர்ப்பதில்லை. கேட்டால் 'அப்புறம் எதற்கு வெப்ஹூக்' என்கிறார்கள். வெப்ஹூக் வேகத்துக்கு, கிரான் நிச்சயத்துக்கு. எனக்கு இரண்டும் வேண்டும்.

இப்போது, என் மூன்று வார இரவுகளைத் தின்ற விஷயத்துக்கு வருகிறேன்.

யார் வேண்டுமானாலும் நம் முகவரிக்குப் போஸ்ட் அனுப்பலாம் என்பதால், கிட்ஹப்பிலும் நம் சர்வரிலும் ஒரே ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும். கிட்ஹப் அந்தச் சொல்லைக் கொண்டு செய்தியின் உடலுக்கு எச்மேக் ஷா-256 கையொப்பம் கணக்கிட்டு ஒரு தலைப்பு வரியில் அனுப்பும். நாமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்; இரண்டும் ஒத்தால் உண்மையான செய்தி. இதை முதல் வாரமே எழுதிவிட்டேன். புஷ் நிகழ்வுகள் எல்லாம் ஒழுங்காகக் கடந்துபோயின.

பிறகு இஷ்யூ நிகழ்வுகளையும் சேர்த்தேன். மெய்ப்புப் பார்ப்பவர்கள் சந்தேகமான இடங்களை இஷ்யூவாக எழுதுவார்கள்; அதை டெலிகிராம் குழுவில் காட்டினால் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள் என்று யோசனை. சேர்த்த மறுநாளிலிருந்து அவ்வப்போது கையொப்பம் பொருந்தவில்லை என்று 401 என்ற மறுப்பு விழ ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் அல்ல. நான் சோதனைக்கு எழுதும் இஷ்யூக்கள் ஒன்றுகூடத் தவறியதில்லை. டீச்சர் எழுதினால் தவறும். அதுவும் சில சமயம். பாடபேதம் பற்றி அவர் எழுதினால் ஒரு கட்டுரை அளவுக்கு நீளும்.

ரகசியச் சொல்லை இரண்டு முறை மாற்றினேன். பயனில்லை. சர்வரின் கடிகாரத்தைச் சந்தேகித்தேன். இந்தக் கையொப்பத்துக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை, இருந்தும் சந்தேகித்தேன். கடைசியில் பைத்தியம் பிடிக்க வைத்தது இதுதான்: தவறிய ஒரு செய்தியை 'மறுபடி அனுப்பு' பொத்தானை அழுத்தி அனுப்பினேன். அதே செய்தி, அதே உடல், அதே கையொப்பம். இந்தமுறை பொருந்தியது. இன்னொரு தரம் அனுப்பினேன். பொருந்தவில்லை.

கணக்கு ஒன்றேதான், விடை மட்டும் மாறுகிறது என்றால் கணக்கில் போகும் எண்கள் மாறுகின்றன என்றுதானே அர்த்தம். ஊகிப்பதை நிறுத்திவிட்டு, வரும் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு எண்களைப் பதிவு செய்தேன்: உடலின் நீளம் என்று தலைப்பு வரி சொல்வது ஒன்று, என் நிரல் கையில் சேர்ந்ததன் நீளம் ஒன்று. அன்றிரவு டீச்சரின் இஷ்யூ ஒன்று வந்து தவறியது. தலைப்பு 21,417 பைட் என்றது. என்னிடம் இருந்தது 21,420. மூன்று பைட் அதிகம்! வழியில் குறைந்துபோனால்கூடப் புரிந்துகொள்ளலாம், கூடியது எங்கிருந்து? அந்த உடலைக் கோப்பில் எழுதி, கண்ணால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவில் 'அகவல்' என்ற சொல்லில் 'க' இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அடையாளம் இரண்டு நின்றன.

விஷயம் இதுதான். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'க' என்பது 224, 174, 149 என்ற மூன்று எண்கள். பெரிய செய்தி நம் நிரலுக்கு ஒரே மூச்சில் வராது. துண்டு துண்டாக வரும். எங்கே துண்டாகும் என்பது அந்த நேரத்து நெட்வொர்க்கைப் பொறுத்தது. நான் ஒவ்வொரு துண்டும் வந்தவுடன் அதைச் சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றி, முன்னால் வந்ததோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். நோட் ஜேஎஸ்ஸில் கூட்டல் குறி போட்டு ஒட்டினாலே இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடும். வெட்டு 'க'வின் நடுவில், 224, 174 ஒரு துண்டிலும் 149 அடுத்த துண்டிலுமாக விழுந்தால், இரண்டு பக்கமும் அர்த்தமற்ற பைட்டுகள். நோட் இரண்டு இடத்திலும் மாற்று அடையாளத்தைப் போடுகிறது. அந்த அடையாளம் ஒவ்வொன்றும் மூன்று பைட். மூன்று பைட் இருந்த இடத்தில் ஆறு, கூடுதல் மூன்று. முதல் பைட்டுக்குப் பிறகே வெட்டு விழுந்தால் மூன்று அடையாளங்கள், கூடுதல் ஆறு. பிற்பாடு பதிவுகளைப் பார்த்தபோது வித்தியாசம் எப்போதும் மூன்று அல்லது ஆறாகவே இருந்தது. அந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

நான் சோதனைக்கு எழுதிய இஷ்யூக்கள் சிறியவை, பாதி ஆங்கிலம். ஆங்கில எழுத்தை எங்கே வெட்டினாலும் அது உடையாது. டீச்சர் நீளமாக, நல்ல தமிழில் எழுதினார். தமிழ் உரையின் நடுவில் விழும் வெட்டு மூன்றில் இரண்டு முறை எழுத்தைப் பிளக்கும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர்கள் இந்தப் பிழையோடு வருடக்கணக்கில் சுகமாக வாழலாம்.

திருத்தம் நான்கு வரி. துண்டுகளைப் பைட்டுகளாகவே ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து, எல்லாம் வந்த பிறகு ஒன்றாக இணைத்து, அந்த மாற்றப்படாத பைட்டுகளின் மீது கையொப்பத்தைக் கணக்கிட வேண்டும். பொருந்தினால் மட்டும் ஜேசனாகப் பிரிக்க வேண்டும். பிரித்த ஜேசனைத் திரும்பச் சரமாக்கி அதன் மீது கையொப்பம் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஓர் இடைவெளி மாறினாலும் அது கைவிட்டுவிடும். கையொப்பங்களை ஒப்பிடும்போது நேரக் கசிவு இல்லாத, அதாவது எவ்வளவு பொருந்தினாலும் ஒரே நேரம் எடுக்கும், ஒப்பீட்டையே பயன்படுத்துங்கள். நோட்டில் உள்ள அந்தச் செயற்கூறு இரண்டு பக்கத்தின் நீளமும் வேறாக இருந்தால் பிழை எறியும். யாரோ அரைகுறைக் கையொப்பத்தோடு கதவைத் தட்ட, என் நிரல் அதனாலும் ஒருமுறை விழுந்தது. நீளத்தை முதலில் பாருங்கள்.

தமிழோடு சம்பந்தப்பட்ட இன்னொரு சிறு வம்பு. மெய்ப்பு முடிந்த அத்தியாயத்தின் இஷ்யூவில் 'ஒப்புநோக்கியது' என்று லேபிள் ஒட்டினால் அந்த அத்தியாயம் வெளியீட்டுப் பட்டியலுக்குப் போக வேண்டும். போகவில்லை. லேபிளில் இருந்ததும் என் நிரலில் இருந்ததும் கண்ணுக்கு ஒரே சொல். லேபிளை யாரோ பழைய எழுத்துரு மாற்றியிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் 'நோ' என்பதன் ஓகாரம் ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாக இருந்தது. என் விசைப்பலகை அதை ஒரே குறியீடாகத் தட்டியிருந்தது. ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒருமித்த யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. தமிழில் லேபிள், கிளைப் பெயர் வைக்கிறவர்கள் எல்லோரும் இதை ஒருநாள் சந்திப்பார்கள்.

லேபிள் விஷயத்திலும் ஹாரன் பாடம் உதவியது. ஒட்டி, உடனே எடுத்துவிட்டால் இரண்டு நிகழ்வுகள் வரும். நடந்த வரிசையிலேயே அவை வந்து சேரும் என்ற உறுதி கிடையாது. அதனால் லேபிள் நிகழ்வு வந்ததும் அதில் எழுதியிருப்பதை நம்பாமல், இந்த இஷ்யூவில் இப்போது என்னென்ன லேபிள்கள் இருக்கின்றன என்று கிட்ஹப்பையே கேட்டுவிடுகிறேன்.

எல்லாம் ஓடுகிறது என்ற தைரியத்தில் ஒரு வேலை செய்தேன். நூலைக் கட்டும்போது உள்ளடக்கப் பட்டியலையும் உருவாக்கி, அதைக் களஞ்சியத்திலேயே கமிட் செய்யச் சொன்னேன். பட்டியலின் அடியில் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' என்று ஒரு வரி. இந்த இடத்தில் படிப்பவர்கள் சிலர் சிரித்திருப்பார்கள். நிரல் கமிட் செய்தது புஷ் நிகழ்வானது; நிகழ்வு கட்டுமானத்தைத் தொடங்கியது; கட்டுமானம் புது நேரத்தோடு பட்டியலை எழுதியது; நேரம் மாறியதால் மறுபடி கமிட். இரவு பதினொரு மணிக்கு ஏவிவிட்டுத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் நூற்று நாற்பதுக்கு மேல் கமிட்டுகள், எல்லாம் என் பெயரில். குழுவில் ஒருவர், "ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையா?" என்று கரிசனமாகக் கேட்டிருந்தார். ஆக்‌ஷன்ஸில் அதன் சொந்த டோக்கனால் (அனுமதிச் சாவியால்) செய்யும் புஷ் இன்னொரு ஓட்டத்தைத் தொடங்காதபடி கிட்ஹப் தடுத்து வைத்திருக்கிறது. நான் என் தனிப்பட்ட டோக்கனைப் பயன்படுத்தியதால் எந்தத் தடுப்பும் இல்லை. அனுப்புநர் பெயரைப் பார்த்துத் தவிர்க்கலாம்தான். ஆனால் இயந்திரம் உருவாக்குவதை மனிதர் எழுதும் கிளையில் வைப்பதே கோளாறு என்று பட்டது. இப்போது பட்டியல் சர்வரில் மட்டும் உருவாகிறது.

பாதுகாப்பு பற்றி ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. ஆரம்ப நாள்களில் கிளையின் பெயரை, சர்வரில் ஓடும் ஷெல் கட்டளையின் நடுவில் அப்படியே ஒட்டியிருந்தேன். கிட்டில் கிளைப் பெயரில் இடைவெளி வரக் கூடாது. ஆனால் அரைப்புள்ளி, டாலர் குறி, அடைப்புக்குறிகள் வரலாம். அதாவது, களஞ்சியத்தில் கிளை உருவாக்கக்கூடிய எவரும் அந்தப் பெயருக்குள் ஒரு கட்டளையை எழுதி என் சர்வரில் ஓட்டியிருக்க முடியும். கையொப்பம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் செய்தி உண்மையாகவே கிட்ஹப்பிலிருந்துதான் வருகிறது. அனுப்பியது யார் என்பதைக் கையொப்பம் சொல்லும். உள்ளே இருக்கும் எழுத்துகளை யார் எழுதினார்கள் என்பதைச் சொல்லாது. புல் ரிக்வெஸ்ட்டின் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையின்) தலைப்பு, இஷ்யூவின் உரை எல்லாமே ஊர்பேர் தெரியாதவர் எழுதக்கூடியவை. கட்டளையையும் அதன் உள்ளீடுகளையும் தனித்தனியாகக் கொடுக்கும் முறைக்கு மாறினேன். தெரிந்த கிளைப் பெயர்களின் பட்டியலில் இல்லாததை நிரல் இப்போது தொடுவதே இல்லை.

அனுப்புதலின் அடையாள எண்ணை வைத்து ஒரே செய்தியை இரண்டு முறை செய்யாமல் தடுக்கலாம். மறுபடி அனுப்பினாலும் அந்த எண் மாறாது. நான் செய்தி வந்த மாத்திரத்தில் எண்ணைக் குறித்துவிட்டு, வேலையைப் பிறகு தொடங்கினேன். வேலை நடுவில் விழுந்தது. மறுபடி அனுப்பினால், "இது முடிந்த கதை" என்று நிரல் என்னையே திருப்பி அனுப்பியது. வேலை முடிந்த பிறகு எண்ணைக் குறிப்பதே சரி.

டெலிகிராம் அறிவிப்புகள் தனித் தலைவலி. ஒரு குழுவுக்கு நிமிடத்துக்கு இருபது செய்திக்கு மேல் பாட் (தானியங்கிக் கணக்கு) அனுப்ப முடியாது என்று வரம்பு உண்டு. அந்த வரம்பை எட்டும் முன்பே மனிதர்களின் வரம்பு வந்துவிட்டது. நான்கு பேர் குழுவை ஒலியடக்கி வைத்தார்கள். கனடா நண்பர் பகலில் வேலை செய்தால் இங்கே நள்ளிரவில் டிங் டிங் என்று அடிக்கிறது. இப்போது இஷ்யூக்கள் மட்டும் உடனே போகின்றன. மற்றவை மாலை ஏழு மணிக்கு ஒரே செய்தியாகத் தொகுத்துப் போகின்றன. தானியங்கியாக்கியதில் குழுவினர் மெச்சிய ஒரே மாற்றம், அறிவிப்பைக் குறைத்த இதுதான்.

சென்ற மாதம் ஐந்து தொகுதிகள் கொண்ட ஒரு நூலை முடித்தோம். வெளியீட்டுக்கு டேக் (ஒரு கமிட்டுக்கு வைக்கும் பெயர்) போட்டால் அட்டையோடு இறுதிப் பதிப்பு உருவாகும்படி வைத்திருக்கிறேன். ஐந்து டேக்குகளையும் போட்டு ஒரே புஷ்ஷில் அனுப்பிவிட்டு, குழுவில் பெருமையாக, "இன்னும் பதினைந்து நிமிடத்தில்" என்று எழுதினேன். அரை மணி நேரம் ஆகியும் ஒரு செய்தியும் வரவில்லை. அனுப்புதல் பட்டியலில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. ஆவணத்தைப் புரட்டினால் ஒரு வரி இருக்கிறது: ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேற்பட்ட டேக்குகளை அனுப்பினால் அவற்றுக்கு நிகழ்வு உருவாகாது. என் அதிகாலைக் கிரானும் முதன்மைக் கிளையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு டேக்குகளையும் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஐந்தையும் நீக்கி, ஒவ்வொன்றாக மறுபடி அனுப்பினேன். தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

கடைசித் தொகுதி ஏறிய சற்று நேரத்தில் டீச்சர் போன் செய்தார். "தம்பி, நன்றாக வந்திருக்கிறது. முன்னுரை இரண்டாம் பக்கத்தில் 'கருத்துக்கள்' என்று ஒரு க் அதிகமாக இருக்கிறது. நான் பென்சிலை அழுத்தட்டுமா?"

அழுத்துங்கள் டீச்சர் என்றேன்.